முப்பாட்டன் பேருக்கு ஆதாரம் இருக்குதுங்களா?

உங்க அப்பாவோட அப்பா பேரு உங்களுக்குத் தெரியும். அவரோட அப்பா பேரு? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லிடுவீங்க. சரி, அவரோட அம்மா பேரு? இங்கதான் பாதிப் பேரு மோட்டுவளையைப் பாக்க ஆரம்பிப்பீங்க. நானும் அப்படித்தான் பாத்துட்டு இருந்தேன், ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் :-)

அந்தியூர்ப் பக்கம் எங்க குலசாமி கோயில்ல கும்பாபிசேகம் வெச்சாங்க. கும்பாபிசேகம்னா மலர் போடணும். மலர்னா கூட்டத்தோட வரலாறு போடணும். "கண்ணு, நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ தட்டறியே, இதையும் அடிச்சுக் குடு சாமி"ன்னு பெரியப்பா ஒருத்தர் நாலு பக்கம் எழுதிக் குடுத்தாரு. (எந்தக் கூட்டம், எந்த சாதின்னு கேக்காதீங்க. இது பெருமை பேசற பதிவு இல்லை.) சேர ராஜா கூட கொங்குக்கு வந்தவங்களாம் நாங்க. மொத்தம் 38 தலைமுறை. 38 பேருக்கும் பேரு இருக்குது. 38 பேருமே ஆம்பளைங்க!

படிச்சதும் எனக்கு ரெண்டு விசயம் உறுத்துச்சு. ஒண்ணு, இந்த 38 பேரும் எங்கிருந்து வந்தாங்கங்கறது. இன்னொண்ணு கொஞ்சம் பெரிய விவகாரம். பங்காளிங்க பட்டியல்ல 'தெக்காலவூட்டுக்காரங்க' பேரு இல்லை. கேட்டா, "அவுங்க நம்ம பங்காளியே இல்ல கண்ணு. அந்தக் காலத்துல பண்ணையத்துல வேலைக்கு வந்த பையன், இங்கயே இருந்து ஒட்டிக்கிட்ட வகையறா"ங்கறாரு. சின்ன வயசுல இருந்து நான் பெரியம்மான்னு கூப்பிடற ஒருத்தர் அந்த வூட்டுலதான் இருக்காங்க. வயசு எண்பதைத் தாண்டிருச்சு. மலர்ல பேரு இல்லைன்னா தலைக்கட்டு வரி வாங்க மாட்டாங்க. வரி இல்லைன்னா பொங்கல் வெக்கிற எடமும் இல்லை. அச்சுல ஒருக்கா ஏறிட்டா, அடுத்த அம்பது வருசத்துக்கு அதுதான் 'வரலாறு'.

அதனால, அடிச்சுத் தர்றேன், ஆனா ஒரு நாலு மாசம் டைம் குடுங்கன்னு சொல்லிட்டு, தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்ல கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீயை வெச்சுக்கிட்டு உக்காருங்க.

வெள்ளைக்காரன் எப்படிப் பண்றான்?

மொதல்ல, இந்தச் சோலியை ஒழுங்காப் பண்றவங்க யாருன்னு பாத்தேன். இங்கிலாந்துக்காரங்களுக்கு இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நம்மளை விட அவங்களுக்கு ஒரு வசதி இருக்குது. 1538-ல எட்டாம் ஹென்றி ராஜாகிட்ட அமைச்சரா இருந்த தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு ஊர் சர்ச்சுலயும் ஞானஸ்நானம், கல்யாணம், சவ அடக்கம் மூணையும் நோட்டுல எழுதி வெக்கணும்னு உத்தரவு போட்டாரு. எல்லா ஊர் நோட்டும் தப்பிக்கலை. ஆனாலும் பல ஊர்கள்ல சாதாரண குடியானவனோட குடும்பத்தைக் கூட 400 வருசத்துக்கு மேல பின்னாடி போய்ப் பிடிக்க முடியுது. அதுக்கும் முன்னாடின்னா, நிலக்கிழார்களோட பண்ணை நீதிமன்றச் சுருள்கள் இருக்குது. எந்தக் குத்தகைக்காரன் செத்தான், அவன் நிலத்துக்கு எந்த மகன் வந்தான், என்ன பணம் கட்டுனான், எல்லாம் அதுல வரும். அப்புறம் உயில்கள்.

1841-ல இருந்து வீடு வீடா ஆளுங்க பேரைப் போட்ட மக்கள்தொகைத் தாள்களும் அவங்ககிட்ட இருக்குது. நூறு வருசம் ஆனதும் பொதுமக்கள் பாக்கத் தொறந்து விட்டுடறாங்க. 1921 கணக்கு 2022-ல வெளிய வந்துச்சு. நமக்கும் 1871-ல இருந்து கணக்கெடுப்பு நடக்குது. ஆனா நமக்கு மிஞ்சுனது எத்தனை தலை, எத்தனை வீடுங்கற கூட்டல் புஸ்தகம்தான். எங்க பூட்டன் பேரு அதுல வராது.

இத்தனை இருந்தும் அங்கயும் கப்சா இல்லாம இல்லை. 1530-ல இருந்து 1688 வரைக்கும், ராஜாவோட ஆளுங்க மாவட்டம் மாவட்டமாப் போய் பெரிய குடும்பங்களோட வம்சாவளியைப் பதிவு பண்ணிட்டு வந்தாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா பாட்டன் வரைக்கும் சரியாச் சொன்ன குடும்பம், அதுக்கு மேல போனா நார்மண்டியில இருந்து 1066-ல கப்பல் ஏறி வந்த வீரன் வரைக்கும் சும்மா இழுத்து விட்டுருச்சு. சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டதும் உண்டு. ஹொரேஸ் ரவுண்டுன்னு ஒரு வரலாற்று ஆசிரியர் (1854-1928), பெரிய பெரிய பிரபுக் குடும்பங்களோட இந்த மாதிரி வம்சாவளியை ஆவணத்தைக் காட்டிக் காட்டிக் கிழிச்சாரு. எங்க பெரியப்பாவுக்குச் சேர ராஜா, அவங்களுக்கு நார்மண்டி வீரன். ஊர்தான் வேற, ஆசை ஒண்ணேதான்!

அந்த ஊர்க்காரங்க வெச்சிருக்கற அளவுகோலு மட்டும் எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஒரு ஆவணத்தைக் கையில எடுத்தா மூணு கேள்வி. அது நடந்தப்பவே எழுதுனதா, பின்னாடி எழுதுனதா? எழுதுனவனுக்கு அதுல ஏதாச்சும் லாபம் உண்டா? அதையே சொல்ற, இதோட சம்பந்தமில்லாத இன்னொரு சாட்சி இருக்குதா? இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டு நம்மூரு சரக்கைப் பாத்தேன்.

நம்மகிட்ட என்ன இருக்குது?

நம்மகிட்ட ஒண்ணுமே இல்லைன்னு நெனைக்காதீங்க. சொல்லப்போனா நெறைய இருக்குது. ஒரே எடத்துல இருக்காது, அவ்வளவுதான்.

கல்வெட்டுல ஆரம்பிப்போம். கொங்கு நாட்டை 24 நாடாப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. பவானி ஆத்துக்கு வடக்கால இருக்கற எங்க பக்கம் வடகரை நாடு. கொங்குச் சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகள்ல, இன்ன ஊர் வெள்ளாளன், இன்ன கூட்டத்துல இன்னார், வெளக்குக்கு இத்தனை காசு குடுத்தார்னு வருது. இன்னிக்கு இருக்கற கூட்டப் பேருங்க சிலது எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முன்னாடியே கல்லுல இருக்குதுங்கறது சின்ன விசயம் இல்லை. ஈரோட்டுக்காரரான மறைந்த புலவர் செ. இராசு அய்யா, இந்தக் கல்வெட்டு, செப்பேடு, ஓலைப் பட்டயம் எல்லாத்தையும் ஊர் ஊராத் தேடிப் படிச்சுப் பதிப்பிச்சிருக்காரு. அவரு இல்லைன்னா இதுல பாதி அட்டாலியில கரையான் தின்னு போயிருக்கும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. கல்வெட்டுல நம்ம கூட்டப் பேரு இருக்குதுங்கறது வேற, அதுல இருக்கற ஆளு நம்ம பாட்டன்ங்கறது வேற. நடுவுல இருக்கற அறநூறு வருசத்துக்குத் தலைமுறைக்குத் தலைமுறை சங்கிலி வேணும். அது யார்கிட்டயும் இல்லை.

அடுத்து பட்டயங்கள். காணிப் பட்டயம், குலகுருமாருங்க வெச்சிருந்த ஓலைங்க, புலவருங்க பாடி வெச்சது. இது நல்ல சரக்குதான். ஆனா ரெண்டாவது கேள்வியைக் கேக்கோணும். பல பட்டயங்க, கோயில் முதல் மரியாதை யாருக்கு, காணி உரிமை யாருக்குன்னு தகராறு வந்தப்ப எழுதுனது. அப்ப ஒவ்வொரு தரப்பும் தன்னோட வம்சத்தை எவ்வளவு பழசாக் காட்டணுமோ அவ்வளவு பழசாக் காட்டும். பட்டயம் எழுதுன காலத்தைப் பத்தி அது நம்பகமான சாட்சி. அதுக்கு ஆயிரம் வருசம் முன்னாடி நடந்ததைப் பத்தி இல்லை. காலின் மெக்கன்சி (1754-1821) ஊர் ஊரா ஆள் அனுப்பிச் சேகரிச்ச சுவடிங்களுக்கும் இதே கணக்குதான். 'கொங்குதேச ராஜாக்கள்' சரித்திரம் அந்தச் சேகரிப்புல இருந்துதான் கிடைச்சுது.

அண்ணன்மார் கதையை விட்டுட முடியுமா? பொன்னர் சங்கர் கதையை உடுக்கடிச்சுப் பாடக் கேட்டு வளந்தவங்கதானே நாம. கனடாக்காரங்க பிரெண்டா பெக் 1960கள்ல காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கி, இந்தக் கதையை முழுசாப் பதிவு பண்ணுனாங்க. கொங்குச் சமூகத்தைப் பத்தி அவங்க எழுதுன ஆராய்ச்சிப் புஸ்தகம் 1972-ல வந்துச்சு. கதையே தாத்தன், அப்பன், பேரன்னு மூணு தலைமுறையாப் போகுது. கவனிச்சீங்களா, மூணுதான்! கதை கட்டுனவங்களுக்கே அதுக்கு மேல தேவைப்படலை.

1799-ல திப்பு விழுந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போச்சு. (அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ல கூடற குதிரைச் சந்தை திப்பு காலத்துல இருந்தே நடக்குதுன்னு எங்கூர்ல சொல்லுவாங்க. இதையும் 'பெரியவங்க சொன்னது' கணக்குல வெச்சுக்கங்க.) கம்பெனிக்கு வேணுங்கறது வரி. வரி வாங்கணும்னா எந்த நிலம் யாருதுன்னு தெரியணும். அங்க ஆரம்பிச்சுது காகிதம். பைமாஷ், செட்டில்மென்ட், 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல்னு வரிசையா வந்துச்சு. 1864-ல பத்திரப் பதிவுச் சட்டம் வந்துச்சு. இப்ப நடைமுறையில இருக்கறது 1908-ல வந்த சட்டம். எங்க சேர ராஜா சாதிக்காததை, வரி வசூலிக்க வந்தவன் சாதிச்சுட்டான். நம்ம முன்னோரோட பேரை எழுதி வெச்சது அவன்தான் :-)

வூட்டுக்குள்ளயே இருக்கற ஆவணம்

ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி வூட்டைத் தேடுங்க. நான் தேடுனதுல கிடைச்சதை நம்பகத்துக்குத் தகுந்த மாதிரி வரிசையாச் சொல்றேன்.

மொய் நோட்டு. சிரிக்காதீங்க, இதை மாதிரி ஒரு ஆவணம் எந்த ஊர்லயும் கிடையாது. தேதி இருக்கும், ஊர் இருக்கும், பேரு இருக்கும், ரூபா இருக்கும். ஏமாத்தி எழுதவும் முடியாது, ஏன்னா திருப்பிச் செய்யணும். எங்க வூட்டு அட்டாலியில 1950கள்ல நடந்த ஒரு கண்ணாலத்து நோட்டு கிடைச்சுது. அதுல பங்காளிங்க ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம், ஊர்க்காரங்க ஒரு பக்கம்னு பிரிச்சு எழுதியிருந்தாங்க. இந்த விசயம் பின்னாடி உதவும், ஞாபகம் வெச்சுக்கங்க.

கண்ணாலப் பத்திரிகை, கருமாதிக் கடுதாசி. பேரன் இன்னார், பேத்தி இன்னார்னு மூணு தலைமுறை ஒரே தாள்ல கிடைக்கும். ஊர்ப் பேரும் தோட்டத்துப் பேரும் சேந்தே வரும்.

பித்தளைப் பாத்திரம். பொண்ணுக்குச் சீர் குடுக்கறப்ப போசி, அண்டா, குடம் எல்லாத்துலயும் புள்ளி புள்ளியாப் பேரு வெட்டிக் குடுப்பாங்க. பொம்பளைங்க பேரு ஆவணத்துல வர்றது அபூர்வம். பாத்திரத்துல இருக்கும்.

அப்புறம், பெரியவங்க ஞாபகம். இதைக் கடைசியாச் சொல்றதால மட்டம்னு நெனைக்காதீங்க. ஆளையும் உறவையும் அவங்க சரியாச் சொல்லுவாங்க. வருசத்தைத்தான் சரிபாக்கணும். "எங்க மாமனாரு தாது வருசம் பொறந்தவரு"ன்னு ஒரு பாட்டி சொன்னா எந்தத் தாது? நம்ம வருசப் பேரு 60 வருசத்துக்கு ஒருக்கா திரும்பி வந்துரும். 1876-77 ஒரு தாது, பெரிய பஞ்சம் வந்த தாது. 1936-37 இன்னொரு தாது. 1996-97 அதுக்கடுத்த தாது. அறுபது வருசம்னா ரெண்டு தலைமுறை போயிரும்!

பேரு இன்னொரு குழப்படி. தாத்தா பேரை வெக்கறதாலதான் 'பெயரன்', அதுதான் பேரன். ராமசாமி மகன் நாச்சிமுத்து, நாச்சிமுத்து மகன் ராமசாமி, மறுபடியும் நாச்சிமுத்து. நாலு தலைமுறைக்கும் சேத்து ரெண்டே பேரு. எந்த ராமசாமி கெணறு வெட்டுனாரு, எந்த ராமசாமி கடன் வாங்குனாருன்னு தேதி இல்லாமப் பிரிக்கவே முடியாது. பெரியப்பாவோட 38 பேரு பட்டியல்ல இந்த மாதிரி திரும்பி வர்ற பேரே இல்லை. நிசமான கொங்குக் குடும்பப் பட்டியல் அப்படி இருக்காதுங்க. எனக்கு மொத சந்தேகம் வந்ததே அங்கதான்.

தெக்காலவூட்டு டிரங்குப் பெட்டி

இனி முக்கியமான எடம். பெரியம்மாகிட்ட போய், "பழைய காயிதம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். "எதுக்கு கண்ணு, எங்களை நீக்கறதுக்கா?"ன்னாங்க. பதில் சொல்ல முடியலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே எந்திரிச்சுப் போய் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துட்டு வந்தாங்க.

அடியில, மஞ்சத்துணியில சுத்தி ஒரு பத்திரம். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள். 1911, விரோதிகிருது வருசம். பாகப்பிரிவினைப் பத்திரம். அதுல ஒரு தரப்பு எங்க பூட்டன், வயசு சுமார் 35. இன்னொரு தரப்பு ஒரு மைனர் பையன், வயசு 9. பையனுக்காகக் கார்டியனா அவனோட தாயார். பையனோட அப்பா 'காலஞ்சென்ற' இன்னார். அவருக்கும் எங்க பூட்டனுக்கும் தகப்பனார் பேரு ஒண்ணே. பூர்வீகச் சொத்து, ரெண்டு சம பாகம். கீழ எங்க பூட்டனோட கையெழுத்தும், அந்தம்மாவோட பெருவெரல் ரேகையும்.

எனக்குக் கை நடுங்குச்சு. ஆனா அந்த ரெண்டாவது கேள்வி இருக்குதே? இந்தப் பத்திரம் இருந்தா லாபம் யாருக்கோ, அவங்க பெட்டியில இருந்துதான் இது வந்திருக்குது. பெரியப்பாவும் கண்டிப்பா அதைத்தான் கேப்பாரு. அதனால பத்திர நம்பரைக் குறிச்சுக்கிட்டு, பழைய தொகுதிங்க இருக்கற பதிவு ஆபீசுக்குப் போனேன். இப்ப வில்லங்கமெல்லாம் ஆன்லைன்ல எடுக்கலாம். ஆனா ரொம்பப் பழைய பத்திரத்துக்கு மனு போட்டு, தேடற கட்டணம் கட்டி, ஆளுங்க புஸ்தகத்தைப் பொரட்டித்தான் எடுக்கோணும். "நாளைக்கு வாங்க", "சார் மீட்டிங்", "அந்தப் பீரோ சாவி அவர்கிட்ட"ன்னு ஆறு நடை. ஏழாவது நடையில சான்றிட்ட நகல் கையில வந்துச்சு. ஆபீசுப் புஸ்தகத்துல 1911-லயே கைப்பட எழுதுன நகல். வரிக்கு வரி ஒண்ணா இருந்துச்சு.

இன்னும் சொல்றேன். சுவீகாரப் பையனா இருந்தா பத்திரத்துல 'சுவீகார புத்திரன்'னு எழுதற வழக்கம். இதுல அப்படி ஒரு வார்த்தை இல்லை. வேலைக்கு வந்த பையனுக்கு யாரும் பூர்வீகச் சொத்துல சரிபாதி எழுதி வெக்க மாட்டாங்க. 1950கள்ல எழுதுன எங்க வூட்டு மொய் நோட்டுல, தெக்காலவூட்டுக்காரங்க பேரு பங்காளிப் பக்கத்துல இருக்குது. இந்த நோட்டு எங்க வூட்டுது, அவங்க வூட்டுது இல்லை. அது போக, எனக்குத் தெரிஞ்சு மூணு தலைமுறையா ரெண்டு வூட்டுக்கும் நடுவுல பொண்ணு குடுத்ததோ எடுத்ததோ கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், வசதியும் சமம். பங்காளியா இல்லைன்னா இந்நேரம் நாலு கண்ணாலம் ஆயிருக்கும். 1911-ல 35 வயசுன்னா பூட்டன் பொறந்தது 1876 வாக்குல. அப்ப 'தாது வருசம்'ங்கற பாட்டி வாக்கும் சரியாப் பொருந்திருச்சு.

இதையெல்லாம் பெரியம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன். பாகம், சம உரிமை எதையும் அவங்க கேட்டுக்கலை. "அந்தக் கைநாட்டு வெச்சது ஆரு?"ன்னாங்க. "உங்க மாமனாரோட ஆத்தாங்க"ன்னு பேரைச் சொன்னேன். ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பாத்தாங்க. அப்புறம் சமையக்கட்டுக்குள்ள போய், மாட்டுக்குத் தவுடு கலக்கற ஒரு பழைய பித்தளைப் போசியைக் கொண்டாந்து கவுத்துக் காட்டுனாங்க. "இது ஆரு பேருன்னே எங்களுக்குத் தெரியாது கண்ணு. சந்தையில வாங்குனது போலன்னு நெனச்சுட்டு இருந்தோம்." புள்ளி புள்ளியா அதே பேரு. கூடவே ஒரு ஊர்ப் பேரு. அந்தம்மா பொறந்த ஊரு!

அந்தப் பேரு இப்ப எங்க வகையறாவுல யாருக்கும் இல்லை. இருபதைத் தாண்டியிருப்பாங்களோ என்னமோ, புருசன் செத்து, ஒம்பது வயசுப் பையனை வெச்சுக்கிட்டு, கொழுந்தன்கிட்ட பாதிச் சொத்தைப் பிரிச்சு வாங்கி, பதிவு பண்ணிப் பத்திரப்படுத்தி வெச்சுட்டுப் போயிருக்காங்க. அவங்க அன்னிக்கு அதைச் செய்யலைன்னா, இன்னிக்கு அந்த வகையறாவுக்குச் சாட்சி சொல்ல ஆளே இல்லை. 38 ஆம்பளைங்க பட்டியலை விட எனக்கு இந்த ஒரு ரேகை பெருசாத் தெரிஞ்சுது.

காகிதம் இல்லாதவங்க

சந்தோசத்துல ஒண்ணை மறந்துடக் கூடாது. எனக்கு இவ்வளவு கிடைச்சதுக்குக் காரணம், எங்க குடும்பத்துக்கு நிலம் இருந்தது. நிலம் இருந்தவனுக்குத்தான் பட்டா, பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம். அதே தோட்டத்துல தலைமுறை தலைமுறையா வேலை செஞ்சவங்களுக்கு என்ன இருக்குது? பண்ணையத்து ஆளுன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சுது. நெசவு, மண்பாண்டம், வெளுப்புன்னு தொழில் பண்ணுனவங்களுக்கும் அப்படித்தான். 'பண்ணையத்துல வேலைக்கு வந்த பையன்'னு சொல்லி ஒருத்தரை ஒதுக்கறாங்களே, வேலைக்கு வந்தவனுக்கும் பாட்டன் பூட்டன் இருந்திருப்பாங்கதானே?

பொம்பளைங்க கதையும் இதேதான். மொதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயார் பண்ணுனப்ப, 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் ஆத்தா'ன்னு மட்டும் சொல்லித் தன் பேரைச் சொல்லாத பொம்பளைங்க ஏறக்குறைய 28 லட்சம் பேரு. பெரும்பாலும் வடநாட்டு மாகாணங்கள்ல. அத்தனை பேரையும் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க.

ஒரு விநோதம் பாருங்க. ஊர்ல இருந்த ஏழைக்குக் காகிதம் இல்லை. ஆனா கப்பலேறுன ஏழைக்கு இருக்குது! 1860 நவம்பர்ல சென்னையில இருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குப் போய்ச் சேந்துச்சு. அதுல இருந்து ஒப்பந்தக் கூலியாப் போன ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு, பேரு, தகப்பன் பேரு, வயசு, சாதி, ஊரு, உசரம், ஒடம்புல இருக்கற தழும்பு வரைக்கும் எழுதி வெச்சிருக்கான். மொரீசியசுக்குப் போனவங்களோட இந்த மாதிரி ஆவணமெல்லாம் அங்க மோகாங்கற ஊர்ல மகாத்மா காந்தி நிறுவனத்துல பாதுகாப்பா இருக்குது. அங்க சிலருக்குப் புகைப்படம் கூட உண்டு. ஆள் ஓடிப்போனா அடையாளம் காட்டிப் புடிக்கத்தான் எழுதுனான். இன்னிக்கு அந்தத் தாளை வெச்சுக்கிட்டு பேரன் பேத்திங்க தமிழ்நாட்டுல ஊரைத் தேடி வர்றாங்க. அடிமைத்தனத்துக்குப் போட்ட கணக்கு, கொள்ளுப்பேரனுக்கு வம்சாவளியா ஆயிருச்சு.

சரி, 38 தலைமுறை என்னாச்சு?

ஆவணத்தோட என்னால போக முடிஞ்சது, என்னையும் சேத்து ஆறு தலைமுறை. பழைய செட்டில்மென்ட் தாள் ஒண்ணுல, பூட்டனோட அப்பாவுக்கும் தகப்பன் பேரு இருந்துச்சு. அதாவது 1820 வாக்குல பொறந்திருக்கக் கூடிய ஒரு மனுசன். அதுக்கு மேல கதவு சாத்தியிருக்குது. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. உங்களுக்கு அப்பா அம்மா 2 பேரு, தாத்தா பாட்டி 4 பேரு, அப்படியே ரெண்டு ரெண்டாப் பெருக்குனா பத்தாவது தலைமுறையில 1024 பேரு வர்றாங்க. முந்நூறு வருசம் கூட ஆகாது. இருபதாவது தலைமுறைக்குப் போனா பத்து லட்சத்தைத் தாண்டிரும். சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கறதால ஒரே ஆளு பல எடத்துல வருவாரு, அதனால நெசமான எண்ணிக்கை குறையும். இருந்தாலும் அப்பன், அப்பனோட அப்பன்னு ஒரே கோட்டுல போறது, அந்த 1024 பேருல ஒருத்தரை மட்டும் பாத்துட்டு மிச்சம் 1023 பேரை மறக்கறதுதானே?

பெரியப்பா லேசுல விடலை. "அப்ப பெரியவங்க சொன்னதெல்லாம் பொய்யா?"ன்னாரு. "பொய்னு நான் சொல்லலைங் பெரியப்பா. பெரியவங்க சொன்னதுன்னே போடுவோம்"னேன். ரெண்டு கூட்டம் நடந்துச்சு. ஒண்ணுல சத்தம், இன்னொண்ணுல காப்பி. கடைசியில மலர் மூணு பகுதியா அச்சாச்சு. 'ஆவணம் உள்ளவை' ஒண்ணு, எந்த ஆவணம், எங்க இருக்குதுங்கறதோட. 'பெரியவர்கள் சொன்னவை' ரெண்டு, யாரு சொன்னாங்கங்கறதோட. 'வழிவழிக் கதைகள்' மூணு. 38 பேரும் மூணாவதுல இருக்காங்க. தெக்காலவூடு மொதல் பகுதியில இருக்குது, அந்தம்மா பேரோட. அந்த வருசம் அவங்ககிட்ட தலைக்கட்டு வரியும் வாங்கினாங்க. பெரியப்பாவே ரசீது போட்டுக் குடுத்தாருங்கறதையும் சொல்லிடறேன். பிடிவாதக்காரரு, ஆனா பத்திரத்தைக் கண்ணால பாத்ததுக்கு அப்பறம் மாத்திப் பேசற ஆளு இல்லை.

உங்களுக்கும் இந்த ஆசை வந்தா, நான் சொல்றது இதுதான். இன்னிக்கே போய் மொய் நோட்டையும் பழைய பத்திரிகையையும் செல்போன்ல படம் எடுத்து வைங்க. பாத்திரத்தைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடறதுக்கு முன்னாடி கவுத்துப் பாருங்க. வூட்டுல இருக்கற பெரிய ஆளுகிட்ட, அவங்க ஆத்தா பேரும் அமுச்சி பேரும் என்னன்னு கேட்டு, யாரு சொன்னாங்க, என்னிக்குச் சொன்னாங்கன்னு தேதியோட எழுதி வைங்க. நீங்க எழுதற அந்தத் தேதிதான் உங்க பேரனுக்கு ஆவணம்.

பி.கு: போசியில இருந்த அந்த ஊருக்கு இன்னும் போகலை. ஆடித் தேர் முடிஞ்சதும் பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. போசியைப் புளி போட்டு வெளக்கி வெச்சிருக்காங்களாம். மாட்டுக்கு இப்ப வேற குண்டா :-)